ஃபோனி: போலிச்சொல்லா, செல்லாச்சொல்லா?

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் 'ஃபோனி'. பலகையில் ஒருவர் அடுக்கிய சொல், அந்த ஆட்டத்துக்கென ஒப்புக்கொண்ட சொற்பட்டியலில் இல்லையென்றால் அது ஃபோனி. அவ்வளவுதான் அங்கே அதன் பொருள். ஆனால் பொது ஆங்கிலத்தில் இதற்குப் பாசாங்கு, போலி, ஏமாற்று என்றெல்லாம் பொருள் இருப்பதால் தமிழில் எழுத வேண்டியவருக்கு உடனே கைக்கு வருவது 'போலிச்சொல்' என்பதுதான். ஒலியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, இன்னும் வசதி. எனக்கு அது சரியாகப் படவில்லை. இணையத்தில் சொல்லாட்டம் ஆடுகிறவர்கள் 'இந்தச் சொல்லை ஏன் ஏற்கவில்லை' என்று நாள்தோறும் சண்டை போடுகிறார்கள், அந்தச் சண்டையில் பாதி இந்தப் பெயரிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் சொல்லின் ஊர். ஐரிஷ் மொழியில் மோதிரத்துக்குப் பெயர் 'ஃபான்யா'. அது 18ஆம் நூற்றாண்டு லண்டனின் திருடர் பேச்சில் 'ஃபானி' என்று ஆகி, பொன்முலாம் பூசிய பித்தளை மோதிரத்தைக் குறித்தது. வித்தை எளிது. ஆள் நடமாட்டமுள்ள தெருவில் மோதிரத்தை நழுவ விட வேண்டியது, இளிச்சவாயன் ஒருவன் பார்க்கும்போது அதை 'கண்டெடுக்க' வேண்டியது, அப்புறம் எனக்கு அவசரம், நீயே வைத்துக்கொண்டு ஏதோ கொடு என்று அவன் தலையில் கட்ட வேண்டியது. இந்த ஃபானிதான் அமெரிக்காவுக்குப் போய் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபோனி ஆனது என்பது பெரும்பாலான சொல்லாய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். தொலைபேசியைக் குறிக்கும் 'ஃபோன்' என்பதிலிருந்து வந்தது என்று நினைப்பவர்களும் உண்டு, அது ஒலி ஒப்புமையால் வந்த மயக்கம். நம் பக்கத்திலும் பித்தளையைப் பொன்னென்று காட்டுவதால்தான் பித்தலாட்டம் என்ற சொல் வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆக, அந்தச் சொல்லின் வேரிலேயே ஏமாற்று இருக்கிறது. ஸ்கிராபிள் பலகைக்கு வந்தபோதும் அந்த வாடை போகவில்லை. ஏனென்றால் அங்கே இல்லாத சொல்லை வைப்பது விதிமீறல் அல்ல, ஆட்டத்தின் ஒரு பகுதி. நான் ஒரு சொல்லை வைக்கிறேன், எதிரில் இருப்பவர் மறுக்கவில்லை என்றால் அந்தச் சொல் பலகையிலேயே இருக்கும், புள்ளியும் எனக்கே. மறுத்து, சொல் பட்டியலில் இல்லையென்று தெரிந்தால் நான் எழுத்துகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், என் முறையும் போச்சு. மறுத்தது தவறென்றால்? வட அமெரிக்கப் போட்டிகளில் மறுத்தவர் தன் முறையை இழப்பார், மற்ற நாடுகளின் பல போட்டிகளில் 5 புள்ளி தண்டம். அதனால் துணிந்து ஒரு கட்டுச்சொல்லை இறக்கிவிட்டு, முகத்தில் எதுவும் காட்டாமல், என் முறை முடிந்தது என்று ஆட்டக் கடிகாரத்தை அழுத்துவது ஒரு கலை.

ஆனால் எல்லா ஃபோனியும் இப்படித் தெரிந்தே வைப்பதல்ல. பெரும்பாலானவை ஆடுகிறவர் உண்மையென்றே நம்பி வைப்பவை. பலவும் நிஜச் சொற்களே, பட்டியலில் ஏறவில்லை, அவ்வளவுதான். இங்கேதான் 'போலி' உதைக்கிறது.

தமிழில் போலி என்றால் என்ன? 'போல்' என்பதிலிருந்து வந்தது, ஒன்றைப் போல இருப்பது. கடைத்தெருவில் போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று கெட்ட பொருள் வந்துவிட்டது உண்மைதான். இலக்கணத்தில் அப்படியில்லை. அறம் என்பது அறன் என்றும் நிலம் என்பது நிலன் என்றும் வருவது கடைப்போலி. முரசு முரைசு ஆவது இடைப்போலி. இவற்றில் எதுவும் பொய்ச்சொல் இல்லை, பொருள் மாறாமல் எழுத்து மாறி வரும் முழுத் தகுதியுள்ள சொற்கள். நன்னூல் இன்னும் ஒரு படி போகிறது. வழக்கை ஆறாகப் பிரிக்கும்போது இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்று மூன்றை இயல்பு வழக்கில் வைக்கிறது. இல்லின் முன் இருப்பது 'இல்முன்' என்று வர வேண்டியது 'முன்றில்' என்று மாறி வந்தாலும் சான்றோர் வழங்கியதால் அது செல்லும், அது இலக்கணப்போலி. தஞ்சாவூர் தஞ்சை ஆனாலும் செல்லும், அது மரூஉ. அதாவது நம் இலக்கணத்தில் போலி என்பது ஒரு சொல்லை உள்ளே சேர்த்துக்கொள்ளும் வாசல். அதையே வெளியே தள்ளும் முத்திரையாக்குவது பொருத்தமில்லை.

அதே நன்னூல் வரிசையில் குழூஉக்குறி என்று ஒன்று வருகிறது, ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் பெயர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது பள்ளிக்கூடத்தில் படித்த எடுத்துக்காட்டு. ஸ்கிராபிள்காரர்களின் ஃபோனியும் சரியான குழூஉக்குறிதான், பொது அகராதிப் பொருளை வைத்து அதை மொழிபெயர்த்தால் தவறிப்போகும்.

சரி, அப்புறம் என்ன சொல்வது? எனக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தது என் அத்தை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது கைபேசியில் ஐந்தெழுத்துத் தமிழ்ச்சொல் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஒன்றை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, 'அங்கணம்' என்று போட்டார். கட்டங்கள் லேசாக ஆடி, இப்படி ஒரு சொல் இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை போட்டார், அதே பதில். "செல்லாதாம் அத்தை" என்றேன். "ஏன்டா செல்லாது? தினம் பாத்திரம் தேய்க்கிற எடம்டா அது!" என்று கையை நீட்டி அடுப்படி மூலையைக் காட்டினார். அங்கே தொட்டி, குழாய், கவிழ்த்து வைத்த சட்டி. அந்த இடத்துக்கு மதுரைப் பக்கத்தில் அதுதான் பெயர்.

செல்லும், செல்லாது. குழந்தையிலிருந்து நாம் எல்லா விளையாட்டிலும் சொல்வது இதைத்தான். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் அவுட்டு செல்லாது, கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு எண்ணினால் செல்லாது. காசுக்கும் இதையே சொல்கிறோம், செல்லாக்காசு. கள்ளக்காசு வேறு, செல்லாக்காசு வேறு என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நம் கையிலிருந்த நோட்டு ஒன்றும் கள்ள நோட்டாகிவிடவில்லை. அச்சடித்தது ரிசர்வ் வங்கி, காந்தி படம் அப்படியே இருந்தது. அந்த நள்ளிரவுக்குப் பிறகு கடையில் செல்லவில்லை. ஒரு சொல்லுக்கும் பட்டியலுக்கும் உள்ள உறவு இதுதான். அதனால் ஃபோனிக்கு நான் வைக்கும் தமிழ் 'செல்லாச்சொல்'. செல்லாத சொல் என்பதன் ஈறு கெட்டு வந்தது, செல்லாக்காசில் க் மிகுந்த மாதிரி இதில் ச் மிகும். தெரிந்தே ஏமாற்றுவதற்கு இறக்குகிற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் கள்ள நோட்டு மாதிரி 'கள்ளச்சொல்' என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், நாம் பிரித்துச் சொல்ல முடிகிறது.

இந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். உலகத்தில் ஆங்கில ஸ்கிராபிளுக்கு முக்கியமாக இரண்டு பட்டியல்கள். வட அமெரிக்காவில் ஒன்று, 1,90,000 சொற்களுக்கு மேல். இந்தியா உட்படப் பிற நாடுகள் பலவற்றில் காலின்ஸ் அகராதிக்காரர்களின் பட்டியல், 2,80,000 சொற்கள் அளவில். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பல்லாயிரம் சொற்கள் இங்கே செல்லும், சிகாகோவில் செல்லாது. ரூபாயை டாலர் நாட்டில் நீட்டுகிற கதை. ஆட்டத்தைக் குறித்து வைக்கும்போது செல்லாச்சொல்லுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள், காலின்ஸில் மட்டும் செல்வதற்கு வேறு ஒரு குறி. இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டியிருக்கிறது என்பதே, பொய் மெய் என்று இதை இரண்டாக வெட்ட முடியாது என்று காட்டுகிறது.

காலத்தாலும் மாறும். கியூ எழுத்து கையில் வந்து, கூடவே யூ வராமல் போனால் முன்பெல்லாம் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான், 10 புள்ளி எழுத்து கையிலேயே அழுகும். 2006இல் அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் 'சீ' சேர்ந்தது, கியூவும் ஐயும் மட்டுமே சேர்ந்த சொல், சீனர் சொல்லும் உயிராற்றல். அதே சமயத்தில் இசட்டும் ஏயும் சேர்ந்த 'ஸா'வும் நுழைந்தது, பீட்சாவின் வால் மட்டும். பீட்சாவை எவன் இப்படிச் சொல்கிறான் என்று முனகியவர்கள் நிறைய. எனக்கு அது தஞ்சாவூர் தஞ்சை ஆன மாதிரிதான் தெரிகிறது, மக்கள் சுருக்கிச் சொல்கிறார்கள், பட்டியல் பின்னால் வருகிறது. 'ஓகே' என்ற சொல்லே 2018இல்தான் அங்கே அகராதியில் ஏறியது. எதிர்த் திசையிலும் நடக்கும். 2020இல் வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் இனம், பால் முதலியவை சார்ந்த வசைச்சொற்கள் இருநூற்றுக்கும் மேல் பட்டியலிலிருந்து எடுத்தது. அவை நேற்றுவரை சென்ற சொற்கள், இன்று செல்லாச்சொற்கள். எடுத்தது சரியென்றே நினைக்கிறேன். விளையாடுகிற இடத்தில் ஒருவர் மனம் நோகப் புள்ளி வாங்க வேண்டியதில்லை.

நம் சொற்களும் அந்தப் பட்டியலில் உலவுகின்றன. கட்டுமரம் செல்லும், வெட்டிவேர் செல்லும். தோசையும் செல்லும், ஆனால் அதில் ஒரு விசித்திரம். அங்கே ஒருமை 'தோசா', அதன் பன்மைகளில் ஒன்று 'தோசை'! நாம் ஒன்றைச் சொல்லும் பெயர் அங்கே பலவற்றைக் குறிக்கிறது. சென்னையிலிருந்து ஒருவர் ஆடினால் அவர் பேசும் சொல்லை வைத்தே புள்ளி வாங்கலாம், பொருளில் மட்டும் அது தப்பு. ஆனால் இந்த ஆட்டத்தில் பொருள் யாருக்கும் தேவையில்லை. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார், பிரெஞ்சில் பேசத் தெரியாமலே. 2024இல் ஸ்பானியப் பட்டத்தையும் அப்படியே. அவர் மனப்பாடம் செய்தது எவை செல்லும் என்பதை மட்டும்.

இணையத்துக்கு வந்ததும் ஒன்று மாறிவிட்டது. பெரும்பாலான செயலிகளில் செல்லாச்சொல்லை வைக்கவே முடியாது, எந்திரம் அப்போதே தள்ளிவிடும். எதிராளி மறுப்பாரா மாட்டாரா என்ற பரபரப்பு போய்விட்டது, கள்ளச்சொல் அநேகமாக ஒழிந்தது. அதற்குப் பதிலாகக் கோபமெல்லாம் பட்டியல் மேலேயே திரும்புகிறது. முன்பு எதிரில் இருந்த ஆளோடு அகராதியைப் புரட்டிச் சண்டை போட்டுவிட்டுக் காப்பி குடிக்கலாம். எந்திரத்தோடு என்ன பேச முடியும்? அது காரணமும் சொல்வதில்லை. என் அத்தைக்கு எரிச்சல் வந்தது தோற்றதால் அல்ல, 'இப்படி ஒரு சொல் இல்லை' என்று வந்த வாசகத்தால். 'எங்கள் பட்டியலில் இல்லை' என்று வந்திருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் போட்டிருப்பார்.

எந்த அரிய சொற்களை ஏற்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த வழியை வேர்டில் காட்டியது. ஜோஷ் வார்டில் 2021இல் வெளியிட்டு, 2022 தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் ஆட்டம். அதற்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு பட்டியல்கள். அப்போது விடையாக வைத்தவை எல்லாருக்கும் தெரிந்த சுமார் 2,300 சொற்கள். நாம் ஊகமாகப் போடுவதற்கு ஏற்றவை எல்லாம் சேர்த்து 13,000 அளவில் இருந்தன. கேட்பதில் சிக்கனம், ஏற்பதில் தாராளம். தெரியாத சொல்லைக் கேட்டு யாரையும் தண்டிக்கக் கூடாது, தெரிந்த சொல்லைச் சொன்னவரை இல்லை என்று அனுப்பவும் கூடாது. தமிழில் ஆட்டம் செய்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் வட்டாரத்துக்கு வட்டாரம் நம் சொல் மாறுகிறது. செய்யுளில் எந்தெந்தச் சொல் வரலாம் என்று தொல்காப்பியம் சொல்லும்போதே இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் உள்ளே விட்டுவிட்டது. திசைச்சொல்லுக்குச் செய்யுளில் இடம் கொடுத்த மொழி கைபேசி ஆட்டத்தில் அதைத் தள்ளுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அங்கணம் வெறும் வட்டாரச் சொல்லும் இல்லை. திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள், 720, தொடங்குவதே 'அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால்' என்று. தகுதியில்லாத கூட்டத்தில் பேசுவது அங்கணத்தில் அமுதத்தைக் கொட்டியது போல என்கிறார் வள்ளுவர். அதற்கு முந்தைய குறளில் நல்ல அவையில் 'நன்கு செலச்சொல்லுவார்' என்று வருகிறது, கேட்பவர் மனத்தில் பதியும்படி பேசுகிறவர் என்று பொருள். சொல் செல்வது என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள், அதுவும் எந்த அவையில் என்பதைப் பேசும் அதிகாரத்தில். செல்லாச்சொல் என்ற பெயர் எனக்கு முழுதாகப் பிடித்துப்போனது அதைப் படித்த பிறகுதான்.

ஆட்டத்தைச் செய்தவர்களுக்குக் குறள் எண்ணோடு எழுதிப் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அத்தை காத்திருக்கவில்லை. நேற்று போனில் கூப்பிட்டு, இதைப் போட்டுப் பார்டா என்று அடுத்த சொல்லைக் கொடுத்தார்: வெஞ்சனம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. எண்ணிப் பார்த்தேன், ஐந்தெழுத்துதான்.