மாத்திரைக்குக் கரையாத கல்

சிறுநீரகக் கல் என்று ஸ்கேனில் தெரிந்ததும் பலர் முதலில் கேட்பது, கரைய மாத்திரை உண்டா என்பதைத்தான். கல் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது அது. யூரிக் அமிலக் கல் உண்மையிலேயே கரையும். அமிலத்தன்மை மிகுந்த சிறுநீரில்தான் அது உருவாகிறது. பொட்டாசியம் சிட்ரேட் என்ற மருந்தைக் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து, அதன் பிஎச் அளவை 6.5 முதல் 7 வரை உயர்த்திவைத்தால் சில மாதங்களில் கரைந்துபோகலாம்.

ஆனால் பத்தில் சுமார் எட்டுக் கற்கள் கால்சியம் கற்கள். அவற்றைக் கரைக்க மாத்திரை கிடையாது. அப்படியானால் மருத்துவர் எழுதித்தரும் டாம்சுலோசின் எதற்கு? அது கல்லை ஒன்றும் செய்வதில்லை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் தசையைத் தளர்த்தி, கல்லுக்கு வழிவிடச் செய்கிறது. 5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். 5 முதல் 10 மி.மீ. வரையுள்ள கல் குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கியிருந்தால்தான் இந்த மாத்திரையால் பலன்.

இறங்காத கல்லை உடைக்க வேண்டும். கத்தி படாமல் உடைக்கும் வழி விமான ஆய்விலிருந்து வந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம் ஆராய்ந்தபோது, அதிர்வலைகளின் ஆற்றல் புலப்பட்டது. 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் மருத்துவர் கிறிஸ்டியன் சௌசியின் குழு முதல் நோயாளிக்கு இந்தச் சிகிச்சையைக் கொடுத்தது.

நீருக்குள் மின்பொறி வெடிக்கும்போது பிறக்கும் அலையை, பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல, நீள்வட்டக் கிண்ணம் ஒன்று கல்லின்மீது குவிக்கிறது. தோலும் தசையும் பெரும்பாலும் நீரைப் போன்றவை. அலை அவற்றைப் பெரிதாகச் சீண்டாமல் கடந்துவிடும். கல்லின் அடர்த்தியோ வேறு. அலை கல்லுக்குள் புகுந்து, பின்பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும்போது கல்லை உள்ளிருந்தே பிய்க்கிறது. சுற்றியுள்ள திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, மேற்பரப்பை அரிக்கின்றன. நிமிடத்துக்கு 120 அதிர்வலை அடிகள் கொடுப்பதைவிட 60 அடிகள் கொடுத்தால் கல் நன்றாக உடைகிறது. அவசரப்பட்டால் முந்தைய அடியின் குமிழிகள் அடங்குவதற்குள் அடுத்த அலை வந்து, அவற்றிலேயே ஆற்றலை இழந்துவிடுகிறது. இந்த நுட்பம் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

உடைந்த தூள் சிறுநீரோடு வெளியேறும். கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சை கூடாது. 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லென்றால், முதுகுப்பக்கம் சிறு துளையிட்டு உள்நோக்கிக் கருவியால் உடைத்து எடுப்பதே வழக்கம். குழாயில் சிக்கிய கல்லை, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி ஹோல்மியம் லேசரால் பொடியாக்கலாம்.

வலி நின்றால் கல் போய்விட்டது என்று நம்பி ஸ்கேன் எடுக்காமல் விடுவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கல் அங்கேயே அடைத்துக்கொண்டிருக்க, வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கிச் செயலிழக்கக்கூடும். வலியோடு குளிர்க்காய்ச்சலும் வந்தால் மறுநாள்வரை பொறுக்காதீர்கள்; அடைபட்ட சிறுநீரில் கிருமி பெருகினால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சையின்போது குழாயில் ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழலை வைத்திருந்தால், எடுக்க வேண்டிய தேதியை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். மறந்து விட்டுவிட்டால் அதன்மேலேயே புதிய கல் படியும்.