கலப்புப் பூனை: எத்தனையாவது தலைமுறை?

சவானா பூனையை முதன்முதலில் பார்ப்பவர்கள் ஏதோ சிறுத்தைக் குட்டி என்றே நினைப்பார்கள். நெடுநெடுவென்ற கால்கள், விறைத்து நிற்கும் பெரிய காதுகள், பொன்னிற உடம்பில் கரும்புள்ளிகள். ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் செர்வல் என்ற காட்டு விலங்கும் வீட்டுப் பூனையும் கலந்து உருவான இனம் இது. முதல் குட்டி 1986-ல் அமெரிக்காவில் பிறந்தது. இதேபோல் ஆசியக் காடுகளின் சிறுத்தைப் பூனையும் வீட்டுப் பூனையும் கலந்து வந்தது பெங்கால் இனம்.

இவற்றை வளர்க்க ஆசைப்படுகிறவர் நிறத்தையும் விலையையும் விசாரிக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது எத்தனையாவது தலைமுறை?

அப்பா செர்வல், அம்மா வீட்டுப் பூனை என்றால் குட்டி எஃப்1, அதாவது முதல் தலைமுறை. பாதி மரபணு காட்டிலிருந்து வந்தது. அந்த எஃப்1 பெண் வீட்டு ஆண் பூனையோடு சேர்ந்தால் எஃப்2, காட்டுப் பங்கு கால்வாசி. எஃப்3-ல் அரைக்கால். இதெல்லாம் சராசரிதான். கருமுட்டை உருவாகும்போது மரபணுத் துண்டுகள் கலைந்து பிரிவதால், ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே ஒன்றுக்குக் கூடும், ஒன்றுக்குக் குறையும்.

எஃப்1 ஆணை வைத்து ஏன் இனத்தைத் தொடர்வதில்லை? அதற்குக் குட்டி பிறக்காது. செர்வலுக்கும் வீட்டுப் பூனைக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றுதான், 38. ஆனால் இரண்டின் மூதாதையரும் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டதால் மரபணுக்கள் ஒத்துப்போவதில்லை. பெண்ணிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருப்பதால் ஒன்றின் குறையை மற்றது ஓரளவு மறைக்கும். ஆணிடம் இருப்பதோ ஒரே எக்ஸ். அதனால் விந்தணு உற்பத்தி கெடுகிறது. கலப்பினங்களில் இப்படி இரண்டு வெவ்வேறு பாலினக் குரோமோசோம்கள் கொண்ட பாலினமே அதிகம் பாதிக்கப்படும் என்று 1922-லேயே எழுதியவர் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். சவானாவில் பெரும்பாலும் ஐந்தாம் தலைமுறை வாக்கில்தான் ஆண்களுக்கு இனப்பெருக்கத் திறன் திரும்புகிறது.

சரி, வீட்டில் இதனால் என்ன வித்தியாசம்? செர்வல் வேட்டையாடும் விதத்தைக் கவனித்தால் புரியும். உயரமான புல்லுக்குள் எலி நகரும் சரசரப்பைக் காதாலேயே அளந்து, செங்குத்தாக எம்பிக் குதித்து, முன்னங்கால்களால் அமுக்கும். எஃப்1, எஃப்2 போன்ற முன்தலைமுறைச் சவானாவுக்குப் போர்வைக்கடியில் அசையும் உங்கள் கால்விரலும் எலிதான். முதலில் காதுகள் திரும்பும், உடம்பு உறையும், அடுத்த நொடி மேலே பாயும். அதட்டிப் பயனில்லை. காலையும் மாலையும் இறகுக் குச்சியைத் துரத்தவிட்டு அந்த வேகத்தைத் தீர்க்க வேண்டும். ஏறி உட்கார உயரமான தட்டுகள் வேண்டும். சாதாரணக் கொக்கிகளை நம்பக் கூடாது, திறக்கப் பழகிவிடும். சிறுநீரால் எல்லை குறிக்கும் பழக்கம் எஃப்1-ல் கருத்தடைக்குப் பிறகும் நீடிக்கலாம். நிறையப் பேர் பூனையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அந்தப் பூனைக்குக் காடும் தெரியாது.

சட்டமும் தலைமுறையைப் பார்க்கிறது. பிரிட்டனில் எஃப்1 சவானா வளர்க்க ஆபத்தான விலங்குகளுக்கான உரிமம் வேண்டும். ஆஸ்திரேலியா 2008-ல் சவானா இறக்குமதியையே தடை செய்தது. அங்குள்ள சிறு விலங்குகளுக்கு ஆபத்து என்பது காரணம்.

அழகுக்காக எஃப்1 தேட வேண்டியதும் இல்லை. 900-க்கும் மேற்பட்ட பெங்கால் பூனைகளின் மரபணுவை அலசி 2024-ல் வெளியான ஆய்வில், அவற்றில் சிறுத்தைப் பூனையின் பங்கு சராசரியாக 4 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரியவந்தது. அந்தப் புள்ளிகளும் பளபளப்பும் பெரும்பாலும் வீட்டுப் பூனையிடமே இருந்த மரபணுக்கள். வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தவை.

ஆகவே காட்டுப் பங்கு குறைந்த பின்தலைமுறைக் குட்டியையே கேளுங்கள். தாய்ப்பூனையை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். பெங்கால் என்றால், ரத்தசோகை தரும் பைருவேட் கைனேஸ் குறைபாட்டுக்கும் பரம்பரை விழித்திரைச் சிதைவுக்கும் பெற்றோர் இரண்டையும் சோதித்த சான்றை வாங்கிப் பாருங்கள்.