வீட்டுக்கு ஆள் வந்தால் எந்தப் பணம் குறையும்? மாற்றுத்திறனாளிகளுக்கான பிப் (PIP) கொடுப்பனவு நின்றால் எவையெல்லாம் சேர்ந்து நிற்கும்?

"அக்காவின் மகன் வந்து தங்கப் போகிறான். சொன்னால் காசை வெட்டிவிடுவார்களா?" பிரித்தானியத் தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். பயந்து சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதத்தோடு நிற்பவர்களும் உண்டு. பல வீடுகளில் மறைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. அதுதான் வேதனை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கும் பிப் கொடுப்பனவு, வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. சேமிப்பையும் பார்ப்பதில்லை. உங்கள் உடலாலும் மனதாலும் அன்றாட வேலைகளை எந்த அளவுக்குச் செய்ய முடிகிறது என்பதற்கே புள்ளிகள். குறைந்த வருமானத்தில் இருப்பவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கும் வாடகைக்கும் அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் இதற்கு நேர்மாறு. யார் வந்தார், யார் போனார், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாவற்றையும் அது கேட்கும். சீட்டெடுத்த பணம் கணக்கில் கிடந்தால் அதுவும் சேமிப்புத்தான். 6,000 பவுண்டைத் தாண்டினால் கொடுப்பனவு குறையத் தொடங்கும், 16,000ஐத் தாண்டினால் நின்றுவிடும்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் மடங்காத 52 வயதுப் பெண் தனியே இருக்கிறார். பிப்பில் அன்றாட வாழ்வுப் பகுதி, சாதாரண வீதம். 2025–26 நிதியாண்டில் அது வாரம் 73.90 பவுண்ட். வாடகைக்கு யுனிவர்சல் கிரெடிட் வருகிறது. அக்காவின் மகன், 24 வயது, வேலைக்குப் போகிறவன், அவரோடு வந்து தங்குகிறான்.

21 வயதோ அதற்கு மேலோ ஆன உறவினர் வீட்டில் இருந்தால், வாடகை உதவியில் மாதந்தோறும் ஒரு தொகையை (2025–26இல் 93.02 பவுண்ட்) கழிப்பது பொது விதி. ஆனால் பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதி எந்த வீதத்தில் கிடைத்தாலும் இந்தக் கழிவு கிடையாது. அவன் வீட்டுச் செலவுக்குத் தரும் காசும் இவருடைய வருமானமாகக் கணக்கிடப்படாது. அவனுக்கென ஓர் அறையும் கணக்கில் சேர்வதால், வாடகை உதவியின் உச்சவரம்பு உயரவும் கூடும். கவுன்சில் வரியில் தனியாள் என்பதற்காகக் கிடைத்த 25 சதவீதச் சலுகை மட்டும் போய்விடும். அதைக் கவுன்சிலுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சொல்லும் நாளும் முக்கியம். யுனிவர்சல் கிரெடிட்டில் உங்கள் மாதம் 12ஆம் திகதி தொடங்கி 11இல் முடிகிறது என்றால், அவன் 8ஆம் திகதி வந்தாலும் அந்த மாதம் முழுவதும் இருந்ததாகவே கணக்கு. யுனிவர்சல் கிரெடிட் கணக்கின் இணையக் குறிப்பேட்டில் அந்த மாதத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். உங்களுக்குச் சாதகமான மாற்றத்தைத் தாமதித்துச் சொன்னால் பழைய மாதத்துக்கான பணம் கிடைக்காமல் போகலாம்.

வருவது கணவரோ துணைவரோ என்றால் கதை வேறு. அவருடைய வருமானமும் சேமிப்பும் உங்களுடையவற்றோடு சேரும். விசா காரணமாக அரச உதவி பெற முடியாதவராக இருந்தாலும் அவருடைய பணம் கணக்கில் வரும், அவருக்கான பங்கு மட்டும் வராது.

இனி, அதே வீட்டில் பிப் மறுமதிப்பீடு நடந்து, அன்றாட வாழ்வுப் பகுதி நின்றுவிடுகிறது என்று பாருங்கள். மாதக் கணக்கில் பிப் சுமார் 320 பவுண்ட் போகும். அக்காவின் மகனுக்கான 93 பவுண்ட் கழிவு உடனே உயிர் பெறும். வேறு வீட்டில் இருந்துகொண்டு வாரம் 35 மணி நேரத்துக்குக் குறையாமல் இவரைப் பராமரிக்கும் அக்கா பெற்ற பராமரிப்பாளர் கொடுப்பனவு, 2025–26இல் வாரம் 83.30 பவுண்ட், அதுவும் நிற்கும். மாதத்துக்கு அது 361 பவுண்ட். ஒரே கடிதத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 774 பவுண்ட் இழப்பு. ஆகவே பிப்பைத் தனியான ஒரு தொகையாக நினைக்காதீர்கள். அதில் கட்டப்பட்டிருப்பவை எவை என்று இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். வேலை செய்ய இயலாமைக்காக யுனிவர்சல் கிரெடிட்டில் சேரும் தொகை (2025–26இல் மாதம் 423.27 பவுண்ட்) தனி மதிப்பீட்டில் வருவது. பிப் நின்றதால் மட்டும் அது நிற்காது.

மதிப்பீட்டில் "சமைப்பீர்களா?" என்று கேட்டால், நம் பெண்கள் கூச்சத்தில் "ஓம், சமைப்பேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். சோறு வடிக்கப் பானையைத் தூக்குவது அக்கா, காய் வெட்டித் தருவது அக்காவின் மகன் என்பதைச் சொல்வதில்லை. பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதே விதி. எட்டுப் புள்ளிக்குச் சாதாரண வீதம், பன்னிரண்டுக்கு உயர் வீதம். அந்த எட்டு கைநழுவுவது பெரும்பாலும் இப்படிச் சொல்லாமல் விட்ட இடங்களில்தான்.

முடிவு தவறு என்றால், கடிதத்தின் மேலே உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அதிலும் சரிவராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். இதற்கிடையே நின்ற பணம் வராது. வாடகை, மின்சாரம், கவுன்சில் வரி ஆகியவற்றை முதலில் கட்டுங்கள். கடன் அட்டை காத்திருக்கட்டும். கடன் நெருக்கினால், கடன் ஆலோசகர் வழியாக 60 நாள் அவகாசம் பெறச் சட்டம் இடம் தருகிறது.

வென்றால் பிப் பழைய நாளிலிருந்து கணக்கிட்டு வரும். யுனிவர்சல் கிரெடிட்டுக்கும் அன்றே எழுதுங்கள், அக்காவின் மகனுக்காகக் கழித்ததைத் திரும்பக் கேளுங்கள். அக்கா தன் கொடுப்பனவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிப் முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால், அவருக்கும் பழைய நாளிலிருந்தே கிடைக்கும்.