சிம்பன்சி அம்மா குட்டிய யார் கைலயும் குடுக்காது, நாம மட்டும் ஏன் குடுக்கிறோம்?

எங்க வாசிப்பு வட்டத்துல இந்த முறை ரெண்டு விஷயத்த சேர்த்து எடுத்தோம், பல பேர் சேர்ந்து குழந்தை வளர்க்குறது ஒண்ணு, இயற்கையோட நமக்கு இருக்கிற உறவு இன்னொண்ணு. இது ரெண்டையும் எதுக்கு ஒண்ணா போட்டாங்கன்னு பாதி பேருக்கு குழப்பம். ஆனா படிக்க ஆரம்பிச்சா ரெண்டுக்கும் அடியில ஒரே கணக்கு தான் ஓடுது, கலோரி கணக்கு.

சிம்பன்சி குட்டி போட்டா முதல் சில மாசம் அத வேற யாரும் தூக்க விடாது, அடுத்த குட்டிக்கு 5, 6 வருஷம் ஆகும். ஒராங்குட்டான் இன்னும் நிதானம், 7, 8 வருஷம். வேட்டையாடியும் கிழங்கு பழம் சேகரிச்சும் வாழ்ற மனுஷ கூட்டங்கள்ல இந்த இடைவெளி 3, 4 வருஷம் தான். இது இடிக்குது பாருங்க, ஏன்னா நம்ம குழந்தை தான் இவங்க எல்லாத்தையும் விட மெதுவா வளருது, செலவும் அதிகம் வைக்குது. பிறக்கும்போது மூளை பெரியவங்க மூளைல கால்வாசிக்கு கொஞ்சம் மேல இருக்கும், அவ்ளோ தான், மீதி எல்லாம் வெளிய வந்து வளரணும். 5 வயசு வாக்குல உடம்பு செலவழிக்கிற சக்தில 40 சதவீதத்துக்கு மேல மூளையே எடுத்துக்குது (பெரியவங்களுக்கு அது சுமார் 20). ஒரு குழந்தை தனக்கான சாப்பாட்ட தானே தேடிக்கிற நிலைக்கு வர்ற வரைக்கும் மொத்தமா 1 கோடில இருந்து 1 கோடியே 30 லட்சம் கலோரி வரை வேணும்னு மானுடவியல்காரங்க கணக்கு போட்டிருக்காங்க. வயித்துல ஒண்ணு இடுப்புல ஒண்ணு வச்சிருக்கிற ஒரு அம்மா இத தனியா தேடிக் கொண்டு வர்றதெல்லாம் நடக்காத காரியம்.

அப்ப மீதிய கொண்டு வந்தது யாரு? சாரா பிளாஃபர் ஹர்டிங்கிற மானுடவியலாளர் 2009ல ஒரு புத்தகமே எழுதி சொன்ன பதில், மத்தவங்க. அக்கா, சித்தி, அப்பா, பக்கத்து குடிசைக்காரங்க, எல்லாத்துக்கும் மேல பாட்டி.

பாட்டி கதை தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. தான்சானியால ஹட்ஸான்னு ஒரு மக்கள், அவங்க கூட இருந்து 1980கள்ல இருந்து மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் கூட்டாளிகளும் யார் எவ்ளோ உணவு கொண்டு வர்றாங்கன்னு அளந்தாங்க. அங்க முக்கியமான சாப்பாடு கெட்டியான மண்ணுக்கு அடியில இருக்கிற கிழங்கு, சின்ன பசங்களுக்கு அத தோண்டி எடுக்க பலம் பத்தாது, அம்மாவுக்கோ புதுசா ஒண்ணு பிறந்திருக்கு, அந்த நேரத்துல மூத்த குழந்தையோட எடை ஏறுறதும் ஏறாததும் பாட்டி எவ்ளோ நேரம் தோண்டுறாங்கங்கிறத ஒட்டியே இருந்துச்சு. இதுல இருந்து தான் பாட்டி கருதுகோள் வளந்துச்சு, பெண்கள் ஏன் பிள்ளை பெறுற வயசு முடிஞ்ச பிறகும் பல வருஷம் வாழ்றாங்கங்கிறதுக்கு ஒரு விளக்கம். எல்லாரும் ஒத்துக்கிட்ட விளக்கம்னு சொல்ல முடியாது, சண்டை இன்னும் நடக்குது. ஆனா கொலைகார திமிங்கிலத்துலயும் மாதவிடாய் நிக்கிற மாதிரி ஒரு கட்டம் இருக்கு, அங்கயும் பாட்டி செத்துப்போனா அடுத்த ரெண்டு வருஷத்துல பேரக்குட்டி சாகுற வாய்ப்பு ஏறுது, சால்மன் மீன் குறைவா கிடைக்கிற வருஷத்துல இன்னும் ஏறுதுன்னு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு.

இங்க தான் இயற்கை உள்ள வருது. கையெட்டுற தூரத்துல பழமா தொங்கியிருந்தா குழந்தையே பறிச்சு தின்னிருக்கும், பாட்டிக்கு வேலையே இல்ல. உணவு மண்ணுக்கு அடியில ஒளிஞ்சிருந்ததால தான் கூட ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. பறவைகள்லயும் இதே கதை தான். பறவை இனங்கள்ல சுமார் 9 சதவீதம் கூட்டா குஞ்சு வளர்க்குது, அம்மா அப்பா அல்லாத பறவைங்களும் வந்து ஊட்டும். ஆப்பிரிக்க மைனா வகைகள ஒப்பிட்டு 2007ல பாத்தப்ப, மழை எப்ப வரும் எப்ப ஏமாத்தும்னே தெரியாத புல்வெளில வாழ்ற இனங்கள்ல தான் இந்த பழக்கம் அதிகமா இருந்துச்சு. நல்ல வருஷமா கெட்ட வருஷமான்னு கணிக்க முடியாத இடத்துல உதவிக்கு ஆள் இருந்தா தான் குஞ்சு தப்பும், அதுவும் சொந்தக்காரங்க குஞ்சா இருந்தா உதவுறவங்க மரபணுவும் ஓரளவு சேர்ந்து பிழைக்கும், இந்த சொந்தக் கணக்க 1964லயே ஹாமில்டன்னு ஒரு உயிரியலாளர் சமன்பாடா எழுதிட்டார்.

சரி, உடம்பு இதுக்கு எப்படி ஒத்துழைக்குது? பாத்துக்கிறவங்க உடம்பு மாறுது. பிலிப்பைன்ஸ்ல 600க்கு மேற்பட்ட ஆம்பளைங்கள சில வருஷம் தொடர்ந்து பாத்த ஆய்வு 2011ல வந்துச்சு, அப்பா ஆனதும் டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் நல்லா இறங்குது, தினமும் 3 மணி நேரத்துக்கு மேல குழந்தைய பாத்துக்கிறவங்களுக்கு இன்னும் குறைவாவே இருந்துச்சு. குழந்தை பக்கமும் வேலை நடக்குது, சிம்பன்சி குட்டி அம்மா மேல ஒட்டிக்கிட்டே இருக்கிறதால யார் மனசையும் பிடிக்க வேண்டிய அவசியம் அதுக்கு இல்ல, நம்ம குழந்தைக்கு கை மாறிக்கிட்டே இருக்கும், அதனால யார் முகத்துல என்ன இருக்குன்னு படிக்கவும் சிரிச்சு ஆள வளைக்கவும் சீக்கிரமே கத்துக்குதுன்னு ஹர்டி வாதம். நம்ம மத்தவங்க மனச புரிஞ்சுக்கிற திறமைக்கே இது தான் விதைங்கிறாங்க, நிரூபிக்க கஷ்டமான வாதம் தான், ஆனா அழகான வாதம்.

எண்ணிக்கை வேணும்னா காங்கோ காட்டுப்பகுதில வாழ்ற ம்பெண்ட்ஜெலே பயாகா மக்கள பத்தின 2023 ஆய்வு இருக்கு, அங்க கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு சுமார் 9 மணி நேரம் நெருக்கமான கவனிப்பு கிடைக்குது, குடுக்கிறவங்க 15 பேர் வரைக்கும், அழுதா போய் சமாதானப்படுத்துறதுல பாதிக்கு மேல அம்மா அல்லாதவங்க. அப்ப டேகேரும் இதுவும் ஒண்ணு தானேன்னு வட்டத்துல ஒருத்தர் கேட்டார், நல்ல கேள்வி. என் பார்வைல ஒண்ணு இல்ல, காட்டுல ஒரு குழந்தைக்கு பல பேர், டேகேர்ல பல குழந்தைக்கு ஒருத்தர், கணக்கே தலைகீழா இருக்கு. காட்டுல பாத்துக்கிறவங்கள்ல பலர் சின்ன வயசு பசங்க வேற. பல வயசு பசங்க கலந்து திரியிற கூட்டத்துல பெரிய பசங்களே காவல், அதனால தான் சின்னதுங்க மரம் மண்ணுன்னு சுத்த முடியுது, ஹட்ஸா பசங்க தனக்கு வேண்டிய பழத்துல ஒரு பங்க தானே சேகரிச்சுக்கிறதும் அப்படித்தான். ஒரே ஒரு ஆள் பாத்துக்கிற வீட்ல, அந்த ஆளுக்கு சமையலும் ஆபீஸ் வேலையும் இருந்தா, கதவ சாத்தி வைக்கிறது தான் ஒரே வழி.

கதவ சாத்தினா என்ன ஆகும்ங்கிறதுக்கு ரெண்டு உதாரணம். கண்ணு முதல்ல. வெளி வெளிச்சம் பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு), வீட்டுக்குள்ள சில நூறு தான், பிரகாசமான வெளிச்சம் பட்டா விழித்திரைல டோபமைன்ங்கிற ரசாயனம் சுரந்து கண்ணு நீளவாக்குல வளர்றத கட்டுப்படுத்துதுன்னு நினைக்கிறாங்க, நீண்டா கிட்டப்பார்வை. சீனால குவாங்சோ பள்ளிகள்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டதுல 3 வருஷத்துல புதுசா கிட்டப்பார்வை வந்தவங்க 39.5 சதவீதத்துக்கு பதிலா 30.4 சதவீதம் (2015). அடுத்தது கிருமி. ஃபின்லாந்துல சில டேகேர் முற்றங்கள்ல காட்டு மண்ணும் புல்லும் கொண்டு வந்து போட்டாங்க, 28 நாள்ல அந்த பசங்க தோல்ல நுண்ணுயிர் வகைகள் கூடுச்சு, ரத்தத்துல நோய் எதிர்ப்ப நிதானமா வச்சிருக்கிற அறிகுறிகளும் மேம்பட்டுச்சு (2020). மொத்தம் 75 குழந்தைங்க தான், சின்ன ஆய்வு, அலர்ஜி வராம தடுத்துச்சான்னு இத வச்சு சொல்ல முடியாது.

ரெண்டு ஆய்வுலயும் வெளிச்சத்தையும் மண்ணையும் பத்தியே எல்லாரும் பேசுறாங்க. ஆனா குவாங்சோல அந்த 40 நிமிஷம் பள்ளியோட டைம்டேபிள்லயே ஒரு வகுப்பா இருந்துச்சு, ஃபின்லாந்துல முற்றத்துக்கு ஏற்கனவே ஆள் இருந்தாங்க, வெளிய விட்டா யார் பாத்துக்கிறதுங்கிற கேள்வி ரெண்டு இடத்துலயும் முன்னாடியே தீந்துபோச்சு.