பேரிங்கை மாற்றுவதற்கு முன்: பெல்ட் கிரைண்டர் அதிர்வின் மூலத்தைத் தேடுதல்

பெல்ட் கிரைண்டர் (ஓடும் உராய்வுப் பெல்ட்டால் உலோகத்தைத் தேய்க்கும் இயந்திரம்) அதிர்கிறது என்று என்னிடம் கொண்டுவருபவர்களில் பலர், அதற்குள் பேரிங்கை (சுழல்தண்டைத் தாங்கும் பாகத்தை) ஒரு முறையாவது மாற்றிவிட்டே வருகிறார்கள். கையால் சுழற்றும்போது சொரசொரப்போ ஆட்டமோ தென்படாத பேரிங்கைக் கழற்றுவது வீண் வேலை.

முதலில் அதிர்வின் தாளத்தைக் கவனிக்க வேண்டும். 150 மி.மீ. விட்டமுள்ள டிரைவ் வீல் (மோட்டாரின் ஷாஃப்ட்டில், அதாவது சுழல்தண்டில், அமர்ந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) நிமிடத்துக்கு 1,440 முறை சுற்றினால் நொடிக்கு 24 சுற்று. அதே ஒரு நொடியில் 72 அங்குலப் பெல்ட் ஏறத்தாழ 6 முறைதான் முழுதாக வலம்வரும். ஆகவே தனித்தனித் தட்டலாகக் கேட்டால் பெல்ட்டின் முனைகள் ஒட்டப்பட்ட இணைப்பையும், விடாத நடுக்கமாக உணர்ந்தால் வீலையும் சந்தேகிக்கலாம். வேறு பெல்ட்டை மாட்டிப் பார்த்தால் முதல் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அதிர்வு நின்றால், இப்போது சுழலாமல் நிற்கும் காண்டாக்ட் வீலையோ (தேய்க்கும் இடத்தில் பெல்ட்டுக்குப் பின்னால் தாங்கும் சக்கரம்) டிராக்கிங் வீலையோ (பெல்ட் பக்கவாட்டில் விலகாமல் ஓடச்செய்யும் சக்கரம்) ஆராய வேண்டும்; நிற்காவிட்டால் டிரைவ் வீலையும் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டலாம். அப்போது ஷாஃப்ட்டில் உள்ள கீயை (வீல் நழுவிச் சுழலாமல் பூட்டும் சிறு உலோகத் துண்டை) மறக்காமல் எடுத்துவிடுங்கள். தளர்வாக இருந்தால் அது தெறித்துப் பாயும்.

மோட்டார் மட்டும் அமைதியாக ஓடினால், மின்னிணைப்பைத் துண்டித்து, டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவியை) முதலில் ஷாஃப்ட்டின் மீதும், பின்னர் வீலின் விளிம்பிலும் பக்கவாட்டு முகத்திலும் வைத்து, கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். விளிம்பில் முள் அசைந்தால் மையம் விலகியிருக்கிறது. முகத்தில் அசைந்தால் வீல் சாய்ந்து அமர்ந்திருக்கிறது. நான் அடிக்கடி காணும் குற்றவாளி வீலின் துளைதான். துளை ஷாஃப்ட்டைவிட 0.10 மி.மீ. பெரிதாக இருந்தால், கிரப் ஸ்க்ரூவை (வீலை ஷாஃப்ட்டில் பிடித்துவைக்கும் தலையில்லாத் திருகை) இறுக்கும்போதே வீல் ஒரு பக்கமாக இழுக்கப்பட்டு அதன் மையம் 0.05 மி.மீ. விலகிவிடுகிறது, டயலில் அது முழு 0.10 ஆகத் தெரியும். இதற்குத் தகட்டுத் துண்டைச் செருகுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அது பெரும்பாலும் விலகலைச் சாய்வாக மாற்றுகிறது. எடை சேர்த்துச் சமன்செய்தாலும், பெல்ட்டின் இழுவிசை ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குவது நிற்காது. புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோகக் குழல்) அடித்துத் துளையைச் சரியான அளவுக்குக் கடைவதுதான் முறையான தீர்வு.

ரப்பர் பூசிய காண்டாக்ட் வீலில், பெல்ட்டை இழுவிசையுடனே நாள்கணக்கில் நிறுத்திவைத்ததால் உண்டான தட்டைப் பகுதியும் இதேபோல் அதிரும். வேலை முடிந்ததும் இழுவிசையைத் தளர்த்தும் பழக்கமே அதைத் தடுக்கும்.

வேகத்தை மாற்றக்கூடிய இயந்திரத்தில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் எழுந்து அடங்கினால், சட்டகமோ மேசையோ அந்த வேகத்துக்கு ஒத்ததிர்கிறது என்று பொருள். வேகம் கூடக்கூட அதிர்வும் கூடிக்கொண்டே போனால் அது சமனின்மை. வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதால், சோதனை ஓட்டத்தைக் குறைந்த வேகத்தில் தொடங்கி, வீல் சுழலும் தளத்துக்கு நேரே நிற்காமல் விலகி நின்றே பாருங்கள். வீலில் விரிசல் தெரிந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், அதை மீண்டும் மாட்டவே கூடாது.