ஆப்ட்-இன்: தமிழில் முன்னிசைவு

மொத்த மின்னஞ்சல் அனுப்புகிறவர் தம் பட்டியலில் ஒரு முகவரியைச் சேர்க்கும் முன், முகவரிக்கு உரியவரே ‘எனக்கு அனுப்புங்கள்’ என்று தெரிவிப்பதுதான் ஆப்ட்-இன். தெரிவிக்க வேண்டியவர் பெறுநர். கண்காட்சியில் வாங்கி வைத்த விசிட்டிங் கார்டோ, காசு கொடுத்து வாங்கிய பட்டியலோ இதில் சேராது.

வேர் லத்தீன். ‘ஆப்டாரே’ என்றால் தெரிந்தெடுத்தல், விரும்புதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ஆப்ட்’ ஆனது. நாம் அன்றாடம் சொல்லும் ‘ஆப்ஷன்’ இதன் உறவுதான். ‘இன்’ சேர்த்தால் விரும்பி உள்ளே வருவது, ‘அவுட்’ சேர்த்தால் விலகிக்கொள்வது.

சட்டங்களும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பேம் சட்டம் ஆப்ட்-அவுட் வழி: கேட்காமலே விளம்பர மடல் அனுப்பலாம், விலகச் சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்தினால் போதும். நம் ஊர் வழக்கில் சொன்னால், மௌனம் சம்மதம். இது எனக்கு ஒப்பவில்லை. தொல்லையைத் தடுக்கும் வேலை, தொல்லைப்படுகிறவர் தலையில் விழுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே ஆப்ட்-இன் பக்கம் நின்றது. 2018-இல் நடைமுறைக்கு வந்த அதன் தரவுப் பாதுகாப்பு விதிமுறையோ, மௌனமும் முன்பே டிக் போட்டு வைத்த பெட்டியும் சம்மதம் ஆகா என்று எழுதியே வைத்துவிட்டது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான, செயலால் காட்டிய சம்மதத்தைக் கேட்கிறது. கொடுத்த அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது.

இதிலேயே உறுதியான வகை ‘டபுள் ஆப்ட்-இன்’. படிவத்தில் முகவரி கொடுத்ததும் ஒரே ஒரு மடல் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் பெயர் பட்டியலில் ஏறும். அழுத்தாவிட்டால் அதோடு சரி, அடுத்த மடல் கிடையாது. யாரோ விளையாட்டாக உங்கள் முகவரியைத் தட்டிவிட்டாலும், ஓர் எழுத்து பிசகி வேறொருவர் முகவரி ஆகிவிட்டாலும் அங்கேயே நின்றுவிடும். பட்டியல் கொஞ்சம் மெதுவாக வளரும் என்று தயங்குவார்கள். ஆனால் கேட்காத மடலைப் பெற்றவர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார். அப்படிப் புகார்கள் சேர்ந்தால், விரும்பிக் கேட்டவர்களின் இன்பாக்ஸுக்கும் மடல் போகாது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் புகார் விகிதத்தை 0.3 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஒப்புதல்’ பொதுவான சொல், மேலதிகாரி கொடுப்பதும் ஒப்புதல்தான். ‘அனுமதி’யிலும் அந்த அதிகார வாடை உண்டு. ‘இசைவு’ பொருந்துகிறது: இசைதல் என்றால் மனம் ஒப்பி உடன்படுதல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘இசைவாணை’ வழியாக அலுவலகத் தமிழுக்கும் பழகிய சொல். முன்னதாகவே பெறுவதால் முன்னிசைவு. டபுள் ஆப்ட்-இன்னை ‘இரட்டை இசைவு’ என்பதைவிட ‘உறுதிசெய்த இசைவு’ என்றால் வேலை விளங்கும். ஆப்ட்-அவுட்டுக்கு ‘விலகல்’ போதும்.

படிவத்தில் இப்படிப் போடலாம்: ‘வாரம் ஒரு மடல் பெற இசைகிறேன். வேண்டாம் என்றால் எப்போதும் விலகலாம்.’ பக்கத்தில் இருக்கும் பெட்டி காலியாக இருக்கட்டும், டிக்கை அவரே போடுவார்.