ஜாய்ஸ்டிக்குக்குத் தமிழில் ஆடுகோல்

வீடியோ விளையாட்டில் பிடித்து அசைக்கும் கோலான ஜாய்ஸ்டிக்கை 'மகிழ்ச்சிக் குச்சி' என்று யாராவது எழுதினால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தச் சொல் விளையாட்டில் பிறந்ததே இல்லை. 1910 வாக்கில் விமானிகள் தங்கள் கால்களுக்கு நடுவே நின்ற கட்டுப்பாட்டுக் கோலுக்கு வைத்த செல்லப்பெயர் அது. முன்னே தள்ளினால் விமானத்தின் மூக்கு இறங்கும், பின்னே இழுத்தால் ஏறும். அப்புறம் 1977இல் டிவியில் இணைத்து ஆடும் அடாரி 2600 கன்சோல் வந்தபோது, கறுப்புப் பெட்டி, நடுவில் ஒரு கோல், மூலையில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான் என்று வீடுகளுக்குள் நுழைந்தது.

ஆர்கேட் ஸ்டிக் என்பதில் வரும் ஆர்கேட் என்ற சொல் இன்னும் பழசு. லத்தீனில் 'ஆர்குஸ்' என்றால் வில். வில் போன்ற கட்டட வளைவு, வளைவுகள் வரிசையாக நிற்கும் நடைபாதை, அதன் ஓரத்துக் கடைகள், கடைசியில் காசு போட்டு ஆடும் எந்திரக் கூடம் என்று பொருள் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. நாமும் கட்டட வளைவை வில்வளைவு என்றுதானே சொல்கிறோம்!

ஆர்கேட் ஸ்டிக் என்பது அந்தக் கூடத்து எந்திரத்தின் கோலையும் பொத்தான்களையும் மட்டும் தனியே பெட்டியில் வைத்தது. அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் கோலைச் சுற்றி நான்கு சின்ன மைக்ரோசுவிட்ச், கோலின் சாய்வை நிறுத்த ஒரு சதுரத் தடுப்பு, அவ்வளவுதான். மூலைக்குச் சாய்த்தால் இரண்டு சுவிட்ச் சேர்ந்து அழுந்தும், அதனால் நான்கை வைத்தே எட்டுத் திசை கிடைத்துவிடுகிறது. சாதாரணக் கன்ட்ரோலரின் அனலாக் ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தது என்று அளக்கும். இது சாய்ந்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை விளையாட்டில் ரியூ என்ற வீரனை வைத்து கீழே, கீழ்முன், முன் என்று கால் பங்கு வட்டம் உருட்டிக் குத்துப் பொத்தானை அழுத்தும்போது ஒவ்வொரு 'டிக்'கும் காதில் விழும், கை தப்பியது எங்கே என்று அந்தச் சத்தமே சொல்லிவிடும். இதற்காகவே நான் இதை விடமாட்டேன்.

இப்போதைய கன்சோல்களுக்கு வருகிற ஆர்கேட் ஸ்டிக்குகளில் பல, வெளியே எண்பதுகளின் சாம்பல் நிறம், உள்ளே யுஎஸ்பியும் புளூடூத்தும். ரெட்ரோ என்பது இதைத்தான், பழைய பாணியில் செய்த புதுப்பொருளை. அதைப் 'பழைய' என்றால் தப்பு, 'பழம்பாணி' சரி.

சரி, தமிழில் என்ன சொல்வது? இயக்குபிடி என்கிறவர்கள் உண்டு, குறை சொல்ல மாட்டேன், ஆனால் கார் கியரையும் அப்படிச் சொல்லலாமே. என் தேர்வு ஆடுகோல். எழுதுகோல், ஊன்றுகோல், திறவுகோல், நெம்புகோல் என்று தமிழ் ஏற்கனவே போட்டுவைத்த தடம் இது. ஊஞ்சலும் ஆடுகிறது, பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அசைவதற்கும் விளையாடுவதற்கும் நமக்கு ஒரே வினை, இந்தக் கோல் இரண்டையும் செய்கிறது. வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' வராது. ஆட்டை மேய்க்கும் கோல் என்று நினைப்பார்களோ என்ற பயமும் வேண்டாம், அது ஆட்டுக்கோல் என்று ஆகிவிடும்.

ஆர்கேட் ஸ்டிக்கை ஆடுகோல் பெட்டி என்றும், கட்டைவிரலால் உருட்டும் அனலாக் ஸ்டிக்கை விரல் ஆடுகோல் என்றும் சொல்லிப் பாருங்கள், நாக்கில் ஒட்டும். நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் கொண்டுவந்த கூட்டல்குறி வடிவ டி-பேடில் மட்டும் கோலே கிடையாது; அது திசைப்பொத்தான்.